ஒன்பதே முக்கால் மீட்டர்

ஒரு சிவப்பு பலூன்,
அதன் வாலில் நைலான் கயிறு,
கயிற்றில் ஒன்பதே முக்கால் மீட்டரில் ஒரு முடிச்சு.
கட்டப்போகும் மாடியின் உச்சி
எங்கிருந்தெல்லாம் கண்ணில் படும் என்று பார்க்க
இதைவிட மலிவான கருவி
எங்கள் அலுவலகத்தில் இல்லை.

பழவேற்காட்டில் காலை ஏழரை.
ஏரி வடிந்து
படகுகள் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தன.
காலனி நடுவில் சுந்தரவரதன் கயிற்றைப் பிடிக்க,
நான் ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்துக்குள் போய்
யாரோ ஒரு வணிகரின் தலைமாட்டில் நின்றேன்.
விதி அப்படி.
செத்தவர்கள் படுத்திருக்கும் இடத்தில் நின்றுதான்
இருப்பவர்களின் வீட்டை அளக்க வேண்டும்.

கோப்பில் இருப்பது இவ்வளவு:
முப்பத்தாறு வீடுகள், கம்பி தெரியும் கூரை.
இடித்துவிட்டு மூன்று தளம்,
தளத்துக்குப் பன்னிரண்டு.
புராதனப் பகுதி என்பதால் குழுவின் ஒப்புதல் தேவை.
குழுவில் நான்கு பேர் வேண்டும் என்றார்கள்,
நான்கு பேர் வேண்டாம்.
ஒன்பதாவது ஆள் நான்.

வேண்டாம் என்பவர்களும் கெட்டவர்கள் இல்லை.
கட்டடக்கலைஞர் நிர்மலா ஜோதிராஜ்
இந்த மதிலின் விரிசல் ஒவ்வொன்றையும்
பெயர் சொல்லிக் கூப்பிடாத குறை.
ஒரு தளத்தைக் குறையுங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.
நியாயமான பேச்சு. பென்சிலால் ஒரு கோடு.
கோட்டுக்கு மேலே பன்னிரண்டு வீடு.

எந்தப் பன்னிரண்டு?

பதினேழாம் எண்ணில் பாப்பாயம்மா
கூரைக்குக் கீழே பழைய ஃபிளெக்ஸ் ஒன்றைக் கட்டியிருக்கிறாள்;
ஏதோ ஒரு வேட்பாளர் தலைகீழாகக் கும்பிடுகிறார்.
"அக்கரையிலே ராக்கெட் போனா
இங்கே காரை விழும் மேடம்.
போன தடவை மீன்குழம்புலே."
பிறகு மகளிடம் தெலுங்கில் என்னவோ சொன்னாள்.
மகள் சிரித்தாள், எனக்குச் சொல்லவில்லை.

இருபத்து மூன்றில் தேசப்பனும் வேண்டாம் என்றார்,
புராதனத்துக்காக அல்ல.
"ஈர வலை என்ன கனம் தெரியுமா?
மூணாவது மாடிக்கு யார் தூக்குவா, நீங்களா?"
வரைபடத்தைப் புரட்டினேன்.
கார் நிறுத்த இடம் இருந்தது.
வலை என்ற சொல்லே இல்லை.

பலூன் ஏறியது.
மதிலுக்கு மேலே, வேம்புக்கு இடப்பக்கம்,
நெற்றிப்பொட்டு அளவு சிவப்பு.
ஏரிக்காற்று தள்ளியதும் காணோம்.
காற்று நின்றதும் மறுபடி.
சுந்தரவரதன் போனில் கேட்டார்:
"தெரியுதா மேடம், தெரியலையா?
ஏதாவது ஒண்ணு சொல்லுங்க, எழுதிடறேன்."
அடுத்த காற்றுக்கு ஒரு நிமிடம் பொறுத்தால் போதும்,
தெரியவில்லை என்பதும் பொய்யாகாது.
அந்த ஒரு நிமிடத்தை எனக்கு நன்றாகத் தெரியும்.
பதினெட்டு வருட வேலையில்
பல முறை அதில் ஒதுங்கி நின்றிருக்கிறேன்.

காலடியில், கல்லில் செதுக்கிய ஊரும் ஆண்டும்.
கடல் தாண்டி வந்து இங்கே காய்ச்சலில் போனவராக இருக்கும்.
எழுத்தின் கூர் இன்னும் மழுங்கவில்லை.
அவர் மேல் எனக்கு மனத்தாங்கல் ஒன்றும் கிடையாது.
கூரை இல்லை,
அதனால் அவர்மேல் எதுவும் விழுவதில்லை.

மூன்று மணிக்குப் பொன்னேரியில் கூட்டம்.
என் குறிப்பை நானே வாசித்தேன்:
"கல்லறைத் தோட்டத்திலிருந்து மேல்தளம் தெரிகிறது.
தெரியட்டும்."
இரண்டாவது வாக்கியம் அலுவலக நடையில் இல்லை என்றார் தலைவர்.
அடித்துவிட்டு எழுதினேன்:
மூன்று தளத்துக்கும் ஒப்புதல்.
கார் நிறுத்தும் இடத்தை நீக்கி
தரைத்தளத்தில் வலைக்கூடம் அமைக்க வேண்டும்.
மேல்சுவருக்குச் சுண்ணாம்பு நிறம்.

நிர்மலா என்னைப் பார்க்காமல் பையை மூடினார்.
அவர் சொன்னதும் சரிதான்.
இனி அந்தத் தோட்டத்தின் மேல் வெறும் வானம் இருக்காது,
யாருடைய பாவாடையாவது காயும்.

வாசலில் சுந்தரவரதன், கையில் சாமான் பதிவேடு.
"காலனிப் பையன் முடிச்சை அவுத்துட்டான் மேடம்.
பலூன் உடைஞ்சதுன்னு எழுதவா,
தொலைஞ்சதுன்னு எழுதவா?"